ஐஸ் போட்ட மீன் என்றாலே பழைய மீனா?

முத்துச்செல்வி (தூத்துக்குடி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அத்தை இருபது வருடத்துக்கும் மேலாக மீன் விற்கிறார். விடியற்காலையில் நாட்டுப்படகு கரை சேரும் இடத்துக்குப் போய் ஏலத்தில் சாளையோ (மத்தி) அயிலையோ (கானாங்கெளுத்தி) எடுப்பார். இரண்டு அன்னக்கூடையில் போட்டு ஏழு மணி பஸ் ஏறுவார். கடலைப் பார்க்காத மூன்று ஊர்களில் தெருத்தெருவாகக் கூவி விற்றுவிட்டு மதியம் திரும்புவார். போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன்.

அன்றைக்கு 20 கிலோ சாளை. எடுக்கும்போது முதுகு நீலமாக மின்னியது, வயிற்றை அமுக்கினால் விரல் உள்ளே போகவில்லை. ஒன்பது மணிக்கு இரண்டாவது ஊரில் கூடையைத் திறந்தபோது அடியில் இருந்த மீனில் செதில் கழன்று கையோடு வந்தது. பதினொரு மணிக்கு வயிறு உடைய ஆரம்பித்தது. அத்தை தண்ணீர் வாங்கித் தெளித்துப் பார்த்தார், ஈரச் சாக்கை மேலே போட்டுப் பார்த்தார், பாதி விலைக்குக் கூறு போட்டும் பார்த்தார். ஒரு மணிக்கு நாலு கிலோவுக்கு மேல் மிச்சம். அதைக் கருவேல மரத்தடியில் குழி தோண்டிப் போட்டுவிட்டு வந்தோம். "இன்றைக்கு லாபம் அந்தக் குழிக்குள்தான் கிடக்கிறது" என்றார்.

ஐஸ் போட்டு எடுத்து வரலாமே என்று கேட்டேன். "ஐஸைக் கண்டால் ஒருத்தியும் வாங்க மாட்டாள். 'ஐஸ் மீனா?' என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்" என்றார்.

விடிகாலையில் பிடித்த மீனை வெயிலில் கெடவிட்டால்தான் பச்சை மீன் என்று நம்புகிறார்கள். அதே மீனை ஐஸில் வைத்துக் காப்பாற்றினால் பழைய மீன் என்கிறார்கள். இதற்கு என்னதான் வழி? கடலுக்குப் போகிறவர்கள், விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

---

வேம்பார் அலை

தங்கச்சி, உன் அத்தை கைக்கு வருவதற்கு முன்பே அந்தச் சாளைக்குப் பாதி ஆயுள் முடிந்துவிட்டது. அதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எங்கள் பக்கத்துத் தவறு.

நான் ஃபைபர் படகில் போகிறவன். இரவு ஒரு மணிக்கு வலை விடுவோம், மூன்று மணிக்கு அதை இழுக்க ஆரம்பிப்போம். மீன் அதிகம் பட்டுவிட்டால் வலையோடு சேர்த்துப் படகுக்குள் குவித்துக்கொண்டு கரைக்கு ஓடிவருவோம். கரையில் வந்துதான் ஒவ்வொன்றாகக் கழற்றுவது. அதற்குள் அடியில் கிடக்கும் மீன் நசுங்கி, மேலே கிடப்பது காற்றில் காய்ந்து, ஏலம் முடிய ஆறு ஏழு மணி ஆகிவிடும். முதல் மீன் செத்து நாலு மணி நேரம். அதுவரை ஒரு துண்டு ஐஸ் அதன் மேல் பட்டிருக்காது.

மூன்று வருடமாக நான் பெட்டி கொண்டுபோகிறேன். ஒரு பார் ஐஸை உடைத்துச் சாக்கில் கட்டி எடுத்துப்போவேன். சீலா, பாரை, ஊளி மாதிரி விலை மீன் பட்டால் வலையிலிருந்து கழற்றிய கையோடு பெட்டிக்குள் போகும். சாளைக்கு மட்டும் செய்வதில்லை. ஏன் என்று கேட்பீர்கள். ஏலத்தில் ஐஸ் வைத்த சாளைக்கும் வைக்காத சாளைக்கும் ஒரே விலைதான் கூறுகிறார்கள். ஐஸுக்குப் போகும் காசு என் கையிலிருந்து போகிறது, அதனால் வரும் நன்மை வேறு யாருக்கோ போகிறது. இது மாறாத வரைக்கும் சாளைக்கு ஐஸ் போடச் சொல்லி யாரும் எங்களிடம் பேச முடியாது.

---

குளிர்ப்பெட்டி (நாகப்பட்டினம்)

நான் மீன்வளம் படித்தவள், மீன் பதனிடும் துறையில் வேலை. செல்வி, உங்கள் அத்தையின் கூடையில் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்கிறேன். அது தெரிந்தால் வழி தானாகத் தெரியும்.

மீன் செத்த கொஞ்ச நேரத்தில் விறைக்கும். விறைப்பாக இருக்கும் வரை அது நல்ல மீன். அந்த விறைப்பு சூட்டில் சீக்கிரம் போய்விடும், குளிரில் நீண்ட நேரம் நிற்கும். விறைப்பு விட்ட பிறகு மீனின் சொந்த நொதிகளே அதன் சதையைக் கரைக்க ஆரம்பிக்கும். சாளை மிதவை உயிர்களைத் தின்னும் மீன். வயிறு நிறைய இரையோடு பிடிபட்டால் குடலில் இருக்கும் செரிமான நொதிகள் வயிற்றுச் சுவரையே தின்றுவிடும். நீங்கள் பதினொரு மணிக்குப் பார்த்த வயிறு உடைப்பு அதுதான். அதற்கு அப்புறம் தோலிலும் செவுளிலும் இருக்கும் பாக்டீரியா உள்ளே நுழைகிறது. நாற்றம் அடிப்பது அந்தக் கட்டத்தில்தான்.

இவை எல்லாவற்றுக்கும் கடிவாளம் ஒன்றே ஒன்று, அது வெப்பநிலை. 0 டிகிரியில் ஒரு மீன் கெடும் வேகத்தை ஒன்று என்று வைத்தால் 5 டிகிரியில் அது இரண்டே காலாகும், 10 டிகிரியில் நாலாகும். அதாவது 10 டிகிரியில் ஒரு நாள் கிடந்த மீன், ஐஸில் நாலு நாள் கிடந்த மீனுக்குச் சமம். உங்கள் அத்தையின் கூடை 30 டிகிரிக்கு மேல் இருந்திருக்கும். ஆகவே மீனின் வயதை மணிக்கணக்கில் எண்ணுவதில் அர்த்தமே இல்லை. எத்தனை மணி நேரம் என்பதோடு எத்தனை டிகிரியில் என்றும் கேட்க வேண்டும்.

நம் ஊர் மீனுக்கு இன்னொரு அனுகூலம் உண்டு, பலருக்குத் தெரியாது. நம் கடல் வெதுவெதுப்பானது. நம் மீனின் மேல் இருக்கும் பாக்டீரியா சூட்டுக்குப் பழகியது. அதை 0 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய முடங்கிவிடும். குளிர்ந்த கடலில் பிடித்த மீனின் பாக்டீரியாவோ குளிரிலும் வேலை செய்யும். அதனால் பொதுவாக, வெப்பக் கடல் மீன் ஐஸில் அவற்றைவிட அதிக நாள் தாங்கும். ஐஸால் அதிகப் பலன் கிடைக்கக்கூடிய நாமே ஐஸைக் கண்டு ஒதுங்குகிறோம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஐஸ் எவ்வளவு வேண்டும்? கணக்கு எளிது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு கிலோ மீனை ஒரு டிகிரி குளிர்விக்க சுமார் 0.8 கிலோகலோரி எடுக்க வேண்டும். 20 கிலோ சாளை, 30 டிகிரி: 20 × 30 × 0.8 = 480. அதை 80ஆல் வகுத்தால் 6 கிலோ ஐஸ். இது மீனைக் குளிர்விக்க மட்டும். அப்புறம் பெட்டி வழியாக உள்ளே வரும் சூட்டுக்கும், விற்கும்போது மூடியைத் திறந்து திறந்து மூடுவதற்கும் தனியாக வேண்டும். அதனால்தான் நம் வெயிலுக்கு மீன் ஒரு பங்கு, ஐஸ் ஒரு பங்கு என்று சொல்வது. நல்ல பெட்டியில் அரை நாள் விற்பனை என்றால் 20 கிலோவுக்கு 10, 12 கிலோவிலும் சமாளிக்கலாம்.

ஐஸை மேலே மட்டும் அள்ளிப் போட்டால் பயனில்லை. அடியில் நாலு விரல் உயரம் ஐஸ், அதன் மேல் ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன், கடைசியில் ஐஸ். நடுவில் குவிந்து கிடக்கும் மீன் சூடாகவே இருக்கும், அங்கிருந்துதான் கெட ஆரம்பிக்கும். ஐஸைச் சாக்கில் போட்டு மரக்கட்டையால் நன்றாகப் பொடியாக்க வேண்டும். கூரான பெரிய கட்டி மீனைக் கீறிவிடும், மீனைச் சுற்றி முழுவதும் படியவும் படியாது.

---

காவிரிக்கரை மீனா (திருச்சி)

எல்லாம் சரி. வாங்குகிறவள் பக்கத்திலிருந்து நான் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்களுக்கு ஐஸ் மேல் கோபம் இல்லை. பயம்தான். ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் மீன் நேற்று பிடித்ததா, பத்து நாள் முன்பு பிடித்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? கூடையில் வெறுமனே கிடக்கும் மீன் கெட்டிருந்தால் நாற்றமாவது காட்டிக்கொடுக்கும். அதோடு மீன் கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற மருந்தைக் கலக்கிறார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து என் மாமியார் கடல் மீனையே நிறுத்திவிட்டார். குளத்துக் கெண்டை, கெளுத்தி மட்டும்தான் எங்கள் வீட்டில். உயிரோடு துள்ளுகிறதே, அதைவிட என்ன சான்று வேண்டும் என்கிறார். அவர் சொல்வதில் என்ன தவறு?

---

வேம்பார் அலை

மீனாக்கா, உங்கள் பயம் நியாயம். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். மருந்து போடுகிறவன் ஏன் போடுகிறான்? ஐஸ் வாங்க வேண்டிய இடத்தில் அதை மிச்சம் பிடிக்கத்தான். முழுதாக ஐஸ் போட்டு அனுப்பியவனுக்கு மருந்தே தேவையில்லை. ஐஸையும் மருந்தையும் ஒரே தட்டில் வைத்து இரண்டையும் ஒதுக்கினால் ஒழுங்காகச் செய்கிறவன்தான் முதலில் ஒழிவான்.

---

குளிர்ப்பெட்டி (நாகப்பட்டினம்)

அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மீனாக்கா கேட்டதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

2018இல் கேரளாவில் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் சோதனை நடத்தி, எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தார்கள். அந்தச் செய்தி நம் ஊரையும் உலுக்கியது. ஃபார்மலின் என்பது பிணத்தைப் பதப்படுத்தப் பயன்படுத்தும் ரசாயனம், மீனில் சேர்க்க அனுமதியே கிடையாது. கண்ணால் பார்த்தோ தொட்டுப் பார்த்தோ இது கலந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென்றே ஒரு சோதனைப் பட்டையை உருவாக்கியது. மீனின் மேல் தேய்த்து ஒரு திரவத்தை விட்டால் நிறம் காட்டிக்கொடுக்கும். சந்தையில் சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிச் சோதிக்க வைக்கலாம், அது நம் உரிமை.

ஆனால் ஐஸ் எதையும் மறைப்பதில்லை. ஐஸில் இருந்த மீனும் நாள் ஆக ஆகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். செவுள் மூடியைத் தூக்கி மூக்கை அருகில் கொண்டுபோங்கள். நல்ல மீனில் கடல் பாசி வாசம் இருக்கும். அடுத்து எந்த வாசமும் இல்லாத ஒரு கட்டம் வரும், அதுவும் சாப்பிட நல்ல மீன்தான். அதற்கு அடுத்துப் புளித்த வாசம், கடைசியில் நாற்றம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், ஐஸ் தண்ணீர் பட்டால் நல்ல மீனின் செவுளும் கொஞ்சம் வெளுக்கும். கண் புடைத்திருக்கிறதா, குழிந்திருக்கிறதா? வயிறு கெட்டியா? விரலால் அழுத்தினால் பள்ளம் நிரம்புகிறதா?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஐஸில் வைப்பது வேறு, உறைய வைப்பது வேறு. ஐஸில் இருக்கும் மீன் உறைவதே இல்லை. உருகும் ஐஸ் 0 டிகிரியில் நிற்கும், மீன் உறைவதற்கு அதைவிடக் கொஞ்சம் கீழே போக வேண்டும். 'ஐஸ் மீன் சப்பென்று இருக்கும், சதை உதிரும்' என்று சொல்வது பெரும்பாலும் சரியாக உறையவிடாத மீனையோ, ஐஸே போதாமல் ஊறிக் கிடந்த மீனையோ சாப்பிட்ட அனுபவம்தான்.

உங்கள் மாமியாரின் கெண்டைக்கு நான் எதிரி இல்லை. நல்ல மீன். ஆனால் துள்ளும் கெண்டையும் வெட்டிய பிறகு வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்தால் சாளையின் கதைதான்.

---

சிந்தாதிரிப்பேட்டை வாசி

இந்த இழையில் ஒரு விஷயம் வரவில்லை. போன ஆண்டு ஒரு உணவகத்தில் சூரைக் குழம்பு சாப்பிட்டேன். மிளகு கடித்த மாதிரி நாக்கில் ஒரு சுருக். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி, நெஞ்சு படபடப்பு. மீன் ஒவ்வாமை என்று நினைத்து மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் 'உங்களுக்கு ஒவ்வாமை இல்லை, மீனில்தான் கோளாறு' என்றார். மாத்திரை கொடுத்ததும் சில மணி நேரத்தில் சரியாகிவிட்டது. குழம்பில் நாற்றமே இல்லை. நன்றாகக் கொதித்த குழம்பு வேறு. எப்படி?

---

குளிர்ப்பெட்டி (நாகப்பட்டினம்)

அது ஹிஸ்டமின். சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. நாற்றம் வருவதற்கு முன்பே அளவு மீறியிருக்கலாம். அதனால்தான் மூக்கு மட்டும் போதும் என்று சொல்ல முடியாது. பிடித்த உடனே குளிர்விப்பது ஒன்றுதான் தடுக்கும் வழி.

வேம்பார் அண்ணா, சாளைக்கு ஐஸ் போடுவதில்லை என்று சொன்னீர்களே, என் கவலை இங்கேதான். விலை குறைந்த மீன் என்பதால் ஐஸ் இல்லை. ஆனால் ஐஸ் மிக அவசரமாக வேண்டிய மீன் அதுதான்.

---

வேம்பார் அலை

புரிகிறது தங்கச்சி. சாளைக்கு வரிசை வரிசையாக அடுக்க நேரமும் இல்லை, ஆளும் இல்லை. அதற்கு என்ன செய்வது?

---

குளிர்ப்பெட்டி (நாகப்பட்டினம்)

அடுக்கவே வேண்டாம். பெட்டியில் கடல் தண்ணீரை ஊற்றி அதில் பொடித்த ஐஸைக் கொட்டிக் கலக்கி வையுங்கள். மீனை வாரி அதில் போட்டால் போதும். தண்ணீர் எல்லாப் பக்கமும் தொடுவதால் சின்ன மீன் வெறும் ஐஸில் ஆவதைவிட வேகமாகக் குளிரும், நசுங்கவும் செய்யாது. இரண்டு விஷயம் மட்டும் கவனம். துறைமுகத்துக்குள் இருக்கும் தண்ணீரை எடுக்காதீர்கள், வெளியே கடலில் எடுங்கள். கடைசி வரை தண்ணீரில் ஐஸ் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். ஐஸ் தீர்ந்த பிறகு அது வெறும் இரத்தத் தண்ணீர்.

---

மன்னார் பேசாலையான்

வணக்கம். இலங்கையில இருந்து எழுதுறன்.

எங்கட ஊரிலயும் இதே கதைதான், மீன் கூடப் பட்ட நாளில விலை விழும், மிஞ்சினது கருவாடு. ஆனா ஒண்டு சொல்லோணும். கெட்டுப்போன மீனைக் கருவாடு போடுறது கருவாட்டுக்குச் செய்யிற அநியாயம். எங்கட அம்மா காலையில பட்ட மீனைக் காலையிலேயே பிளந்து, செவுள் குடல் எடுத்து, கழுவி, உப்புப் போட்டிடுவா. பின்னேரம் மிஞ்சினதைப் போட அவ ஒருநாளும் சம்மதிக்க மாட்டா. நல்ல மீன் போட்டால்தான் நல்ல கருவாடு.

தெற்குப் பக்கம் சிங்கள ஆக்கள் ஜாடி எண்டு ஒண்டு செய்வினம். மீனைத் துண்டாக்கி, உப்பும் கொறக்காப் புளியும் (நீங்கள் குடம்புளி எண்டு சொல்லுறது) மாறி மாறிப் போட்டு, பாரம் வைச்சு மூடிவிடுவினம். மீன் தன்ர தண்ணியில தானே ஊறும். மாதக்கணக்கில நிக்கும். உப்பும் புளிப்பும் சேர்ந்தால் கெடுக்கிற கிருமி வளராது. ஐஸ் இல்லாத காலத்து ஆக்கள் வைச்ச வழி.

---

முத்துச்செல்வி (தூத்துக்குடி)

அண்ணா, அருமை. எங்கள் பக்கம் மாசி உண்டு. சூரையை அவித்து, புகை காட்டி, கட்டை மாதிரிக் காயவைப்பார்கள். லட்சத்தீவின் மினிக்காயில் அதுதான் முக்கியத் தொழில் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அத்தை தினமும் விற்கிற சாளைக்கு அது சரிவராது. அத்தையிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். பெட்டி வைத்துப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

---

கோவை சமையலறை

இடையில் என் சந்தேகம். எங்களுக்கு நல்ல கடல் மீன் வாரத்தில் ஒருநாள்தான் கிடைக்கும். இரண்டு கிலோ வாங்கி ஃப்ரீசரில் போட்டு வைக்கிறேன். ஒரு மாதத்தில் ஓரமெல்லாம் வெளுத்து, வறட்டு வாடை வருகிறது. பாதி குப்பைக்குத்தான் போகிறது. மஞ்சள் தடவி வைத்தால் போதுமா?

---

குளிர்ப்பெட்டி (நாகப்பட்டினம்)

மஞ்சள் நல்லதுதான், ஆனால் உங்கள் பிரச்சினை காற்று. ஃப்ரீசரில் காற்றுப் பட்ட இடம் காய்ந்து வெளுக்கும், கொழுப்புள்ள மீனில் அந்தக் கொழுப்பு சிக்கு வாடை எடுக்கும்.

ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைத் தனித்தனியாகப் பிரியுங்கள். இறால், நெத்திலி மாதிரிச் சின்னது என்றால் டப்பாவில் போட்டு, மூழ்கும் வரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அப்படியே உறைய விடுங்கள். ஐஸ் கட்டிக்குள் காற்று நுழையாது. துண்டு மீன் என்றால் ஈரம் துடைத்து, உறையில் காற்றை முழுதாக அழுத்தி வெளியேற்றி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள். மெதுவாக உறைந்தால் சதைக்குள் பெரிய ஐஸ் படிகங்கள் உருவாகி நாரைக் கிழித்துவிடும். உருகும்போது தண்ணீராக வடிவது அதனால்தான். இரண்டு கிலோவை ஒரே பொட்டலமாகக் கட்டிப் போட்டால் நடுவில் உறைய இரவெல்லாம் ஆகும்.

சாளை, அயிலை மாதிரிக் கொழுப்பு மீனை இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சமைக்கும் முந்தின இரவே எடுத்து கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். சமையல் மேடையில் வைக்க வேண்டாம். உருகியதை மறுபடி உறைய வைக்கவும் வேண்டாம். நாளைக்கே சமைப்பதென்றால் ஃப்ரீசரே வேண்டாம், ஒரு சல்லடைத் தட்டில் மீனும் ஐஸ் கட்டிகளும் வைத்து, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரியில்தான் இருக்கும். ஐஸ் சேர்த்தால் 0க்கு அருகில் போகும், அந்த வித்தியாசம் கறியில் தெரியும்.

---

முத்துச்செல்வி (தூத்துக்குடி)

சொன்னபடி திரும்பி வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதல் நாள் தோல்வி. தெர்மாகோல் பெட்டி, 20 கிலோ மீன், 12 கிலோ ஐஸ். அத்தையால் தூக்கவே முடியவில்லை. இருவரும் சேர்ந்து பஸ்ஸில் ஏற்றினோம், பெட்டி அடியில் கசிந்து நடைபாதையெல்லாம் மீன் தண்ணீர். நடத்துநர் இறங்கச் சொல்லிவிட்டார். அவர் மேல் தவறே இல்லை, பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் நின்றார்கள்.

நாங்கள் எல்லோரும் டிகிரியும் கிலோகலோரியும் பேசினோம், 32 கிலோவை ஐம்பத்தெட்டு வயதுப் பெண் எப்படித் தூக்குவார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

இரண்டாவது நாள் அத்தையே ஒரு வழி கண்டுபிடித்தார். அவரோடு அதே திசையில் போகும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து ஒரு ஷேர் ஆட்டோ பேசினார். பஸ் கூலியைவிட அதிகம்தான், ஆனால் மூன்று பேருக்குப் பகிர்ந்தால் தாங்கும். பெட்டியை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்து, அடியில் துளை போட்டு, வடிகிற தண்ணீரை அவ்வப்போது ஓரத்தில் கொட்டினோம்.

பெட்டி முதல் ஊரின் ஆலமரத்தடியிலேயே இருக்கும். அதிலிருந்து மூன்று கிலோ மட்டும் அன்னக்கூடையில் எடுத்துத் தெருவுக்குள் போவார், தீர்ந்ததும் வந்து மறுபடி எடுப்பார். ஆட்கள் பார்ப்பது கூடையைத்தான்.

மூன்றாம் நாள் ஒரு பாட்டி மீனைத் தொட்டுவிட்டு "என்னடி, சில்லென்று இருக்கிறது, ஐஸா?" என்றார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அத்தை மழுப்பவில்லை. "ஆமா பெரியம்மா, ஐஸ்தான். காலையில் நாலு மணிக்குப் பட்ட மீன். ஐஸ் இல்லாமல் போன வாரம் கொண்டுவந்தேனே, அது எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும்" என்று சொல்லி, ஒரு சாளையை எடுத்து வயிற்றைக் கட்டை விரலால் அமுக்கிக் காட்டினார். மணி அப்போது பதினொன்றரை. வயிறு உடையவில்லை. பாட்டி ஒரு கிலோ வாங்கிக்கொண்டார். ஆனால் எதிர் வீட்டில் வாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாளில் குழியில் போட்டது மொத்தமாக இரண்டு கிலோ இருக்கும். ஒருநாள் மூன்று கிலோ மிஞ்சியது, ஐஸிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்று மாலையே தெருவில் விற்றுவிட்டார். முன்பெல்லாம் மாலைக்கு மீன் என்பதே அவரிடம் கிடையாது.

ஐஸ் மட்டும் உறுத்துகிறது. கடையில் ஐஸ் பாரைத் தரையில் இழுத்துவந்து அங்கேயே உடைக்கிறார்கள். மண்ணும் சேர்ந்து வருகிறது.

---

குளிர்ப்பெட்டி (நாகப்பட்டினம்)

செல்வி, அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எடை பற்றி நீங்கள் எழுதியது சரி, நான் அதை யோசித்திருக்க வேண்டும்.

ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். முழு பாராக வாங்கி, வீட்டில் கழுவி, சுத்தமான சாக்கில் நீங்களே உடையுங்கள். அந்தச் சாக்கையும் பெட்டியையும் தினமும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். தெர்மாகோல் சீக்கிரம் உடைந்து ஓட்டையில் அழுக்குச் சேரும், நிரந்தரத்துக்கு அது சரிவராது.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் பிடித்த பிறகு வீணாகும் மீனை 20-25 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதை இலக்காக வைத்தது. ஐஸ் பெட்டி வைத்த சைக்கிள், இருசக்கர வாகனம், மூன்று சக்கர வண்டி ஆகியவற்றுக்கு அதில் மானியம் அறிவித்தார்கள், பெண்களுக்கு 60 சதவீதம் வரை. மூன்று பேரும் சேர்ந்து மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று நேரில் கேளுங்கள்.

---

காவிரிக்கரை மீனா (திருச்சி)

படித்துக்கொண்டே வந்தேன். நேற்று சந்தையில் வழக்கமாக வாங்கும் கடையில், மேலே பரப்பி வைத்ததை விட்டுவிட்டு, கீழே ஐஸ் பெட்டியில் இருந்த சங்கராவைக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். செவுளைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். வாசமே இல்லை. வாங்கினேன். மாமியார் சாப்பிட்டார், எங்கே வாங்கினது என்று மட்டும் கேட்டார்.

---

வேம்பார் அலை

நேற்று சாளை பட்டது. கடல் தண்ணீரில் ஐஸ் கலந்து முதன்முதலாகப் போட்டேன். கரைக்கு வந்து அள்ளும்போது ஒவ்வொன்றும் குச்சி மாதிரி விறைத்து நின்றது. ஏலக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. விலையும் அதேதான்.

செல்வி, அத்தை எந்தக் கரையில் எடுக்கிறார்? ஏலம் இல்லாமல் நேராக அவருக்கே கொடுக்க முடியுமா என்று பார்க்கிறேன். ஐஸோடு சேர்த்து.

---

முத்துச்செல்வி (தூத்துக்குடி)

அண்ணா, தனிச்செய்தியில் அத்தையின் எண்ணை அனுப்பியிருக்கிறேன். அவர் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்: ஐஸ் தண்ணீரில் கிடந்தால் சாளைக்குச் செதில் உதிருமா? செதில் போனால் தெருவில் எடுபடாதாம்.

---

வேம்பார் அலை

சாளைக்குச் செதில் எப்படியும் கொஞ்சம் உதிரும். வலையோடு கிடந்து வருவதைவிட இதில் குறைவாகத்தான் போயிருக்கிறது. வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு வரச் சொல், கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவரே சொல்லட்டும்.